மூன்று மடிப்பு வைத்த பச்சைப் பாவாடை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் ஒவ்வொருவரையும், அவர் இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பார். சாப்பிட்டாயா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மகனுக்கு ஏன் இன்னும் பெண் பார்க்கவில்லை, போன தடவை சண்டை போட்டுக்கொண்டு போன மருமகள் திரும்பி வந்தாளா? பதில் சொல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. கேள்வி கேட்பதில் எங்கள் அக்காவுக்கு இணையாக இந்தப் புத்தூர், நகரி வட்டாரத்தில் ஒருவரை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்காமலே போய்விட்டார். அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அக்காவின் மகள் லதா, "மாமா, அம்மாவப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். நல்லதைத்தான் எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கோபமும் வரும். உடன்பிறந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது புத்தூரை அடுத்த அல்லிக்கண்டிகையில். நைனாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளை. அவருக்குப் பின் நான் ஒருவன்தான். கொஞ்சம் வேர்க்கடலை நிலம், கிணற்றையொட்டிச் சில மாமரங்கள், இரண்டு மாடுகள் என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வாத்தியார் தெலுங்கில் பாடம் நடத்த, அக்கா தமிழில் சந்தேகம் கேட்பாராம். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் மழை பொய்த்துப்போன வருடங்களில் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். "அந்தப் பொண்ண மட்டும் படிக்க வெச்சிருந்தா இந்நேரம் வக்கீலாகி இருப்பா" என்று நைனா தம் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்பு நின்ற வருடம் வீட்டுக்கு ஒரு பழைய தையல் மெஷின் வந்தது. அம்மாவுக்கு ஓரளவு தைக்கத் தெரியும். அம்மாவிடம் அக்கா கற்ற முதல் பாடம், வளரும் பிள்ளைக்கு அளவோடு தைக்கக் கூடாது என்பது. பாவாடையானாலும் டவுசரானாலும் கீழே அகலமாக மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். பிள்ளை உயர உயர, மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டே போக வேண்டும். என் பள்ளிக்கூட டவுசரெல்லாம் அப்படித் தைத்ததுதான். அதில் ஒரு சங்கடம் உண்டு. மடிப்பைப் பிரித்தால் உள்ளே மறைந்திருந்த துணி மட்டும் வெளுக்காமல் புதிதாக இருக்கும். மற்ற இடமெல்லாம் வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருக்கும். என் தொடைக்குக் கீழே பட்டை பட்டையாகக் கோடு தெரியும். வகுப்பில் எல்லோரும் என்னை "லைன் டவுசர்" என்று கூப்பிட்டார்கள். நான் அழுதுகொண்டு வந்து நின்றால் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது.

"கோடு தெரிஞ்சா நீ வளந்துட்டேன்னு அர்த்தம்டா. எல்லாருக்கும் தெரியட்டுமே, இன்னா இப்போ" என்பார்.

திருமணமாகி அக்கா திருப்பதிக்கு வந்தார். மாமா ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பார். மலைக்கு வரும் யாத்ரிகர்களுக்கு அறை கொடுத்து, வண்டி பேசிவிட்டு, எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை. அமைதியான மனிதர். அக்கா கேட்கும் எல்லாக் கேள்விக்கும் "சரிம்மா" என்ற ஒரே பதிலைச் சொல்லியே காலத்தை ஓட்டியவர். லாட்ஜ் கை மாறி அவருக்கு வேலை போனபோது, குடும்பத்தை அக்காவின் மெஷின்தான் தாங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்களின் ஜாக்கெட்டும், சேலைக்கு அடிக்கிற ஃபால்ஸும் தைத்துத்தான் லதாவைப் பொறியியல் படிக்க வைத்தார். ஹைதராபாத்தில் அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று, தெருவில் போன ஆட்டோக்காரரை நிறுத்தி அவருக்கும் கேசரி கொடுத்தார். கொடுத்துவிட்டு, உனக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார்.

அதன் பிறகு மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனது. திருப்பதியில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மாமாவின் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வழியில்தான் குழந்தைகள் வார்டு இருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள். மருந்தின் வேகத்தில் முடியெல்லாம் கொட்டி, சின்னச் சின்னத் தலைகள் வழுவழுவென்று இருக்கும். மாமா தவறிய பிறகும் அந்தத் தலைகள் அக்காவின் கண்ணை விட்டுப் போகவில்லை. கருமம் முடிந்து கொஞ்ச நாளிலேயே மெஷினுக்கு எண்ணெய் விட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் முதலில் தைத்தது தொப்பி. மெல்லிய பருத்தித் துணியில், உள்ளே வேறு துணி வைத்து, காதை மூடாமல், நெற்றியை உறுத்தாமல். பெண் பிள்ளைகளின் தொப்பியில் துணிப்பூ, ஆண் பிள்ளைகளின் தொப்பியில் கார். எனக்குப் புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை. செம்புக் கம்பி வாங்க அடிக்கடி திருப்பதி போவேன். போகும்போது நகரி பவர்லூம்காரர்களிடம் துண்டுத்துணி வாங்கி ஒரு பையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலையாயிற்று. ஒரு பை நிறையத் தொப்பிகள் சேர்ந்தவுடன், நர்சம்மாக்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலாகக் கொடுத்துவிட்டு வந்தார். எல்லாத் தாய்மார்களும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை அக்கா போனபோது ஒரு பிள்ளையின் தலையிலும் தொப்பி இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. ஆனால் எல்லாத் தலையிலும் மஞ்சளாகச் சந்தனம் மட்டும் பூசியிருந்தது.

அக்கா கேட்காமல் விடுவாரா? ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றிருந்த ஒரு தாயைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் மஞ்சுளா. குப்பம் பக்கம் ராமகுப்பத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். அங்கே பட்டுப்புழு வளர்க்கிற ஒருவரிடம் மல்பெரி இலை பறித்துப் போடுகிற கூலி வேலை. மகள் பெயர் லிகிதா, அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, தொப்பி பத்தலியா? பெரிசா இருக்குதா? அரிக்குதா?" என்று அக்கா அடுக்கினார்.

மஞ்சுளா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா. தொப்பி நல்லாத்தான் கீது. ஆனா இந்த ஊர்ல மொட்டத்தலைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கொண்டைக்கு, அதான் மலைக்குப் போய் முடி குடுத்துட்டு வந்துக்கினு இருக்காங்கன்னு நெனச்சுக்கினு போயிடுவாங்க. தொப்பி போட்டாத்தான் புள்ளைக்கு இன்னா ஒடம்புன்னு கேக்குறாங்க."

"அதான் சந்தனமா?"

"ஆமாம்மா. டிரைன்ல ஏறச்சொல்ல பூசி வுட்டுடுவேன். போன தடவ ஒரு பெரியவரு, தரிசனம் நல்லா ஆச்சா பாப்பான்னு கேட்டாரு. இவ, ஆச்சு தாத்தா, ரொம்பக் கூட்டம்னுட்டா. அவரு லட்டு இருக்குதான்னு கேட்டுட்டாரு. எங்க போறது லட்டுக்கு? இப்பல்லாம் கீழ கடையில ஒரு லட்டு வாங்கி வெச்சுக்கினுதான் ஏறுறோம்."

லிகிதா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "கூட்டத்துல நாங்க நாலு மணி நேரம் நின்னோம்னு சொன்னேன் ஆயா" என்றாள் பெருமையாக. ஊர் நம்பும்படி ஒரு பொய்யை நன்றாகச் சொன்னதில் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை. அவர் பேசாமல் வந்து நான் பார்த்த முதல் நாள் அது. திருமலையின் அடிவாரத்திலேயே வாழ்ந்தும், நாளெல்லாம் மொட்டைத்தலைகளைப் பார்த்தும், இது ஏன் நம் புத்தியில் உறைக்கவில்லை என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மீதமிருந்த தொப்பிகளைப் பிரித்து, வேறு எதற்காவது ஆகும் என்று துணியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் கேட்டுக் கேட்டுத் தைத்ததுதான் அந்தச் சட்டை. மருந்து ஏறும் கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருக்கும். சாதாரணச் சட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதும் பிள்ளைக்கு வேதனை. அக்கா தைத்த சட்டை தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துகொள்ளும். பொத்தான் குத்தும் என்று நாடா வைத்திருப்பார். படுத்திருக்கும் பிள்ளையைத் தூக்காமலே மாற்றிவிடலாம். தொப்பித் துணியில் வைத்த பூவும் காரும் இப்போது சட்டைப் பையில் இருந்தன. இந்தச் சட்டையைப் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். அக்கா வார்டுக்குள் நுழைந்தால் "டைலர் ஆயா வந்தாச்சு" என்று சத்தம் கேட்கும்.

இங்கேதான் அக்காவின் அந்தப் பாழாய்ப்போன சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாயுடுபேட்டையிலிருந்து வந்த ஒரு பையன், கட்டிலில் நின்றுகொண்டு டான்ஸ் ஆடுவானாம். அவனுக்கு லாரிப் படம் போட்ட பையோடு ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு அக்கா போயிருக்கிறார். கட்டில் காலியாக இருந்தது. வழக்கம்போல உரத்த குரலில், "எங்க போய்ட்டான் நம்ம ஹீரோ?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்திருக்கிறார். பையனின் அப்பா வராந்தாவில் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பிள்ளையை எடுத்துப்போகும் வண்டிக்காகக் காத்திருந்தார்களாம். அக்கா கையில் பிடித்திருந்த சட்டையை அந்த மனிதர் வாங்கி மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டாராம்.

அன்று முதல் அக்கா ஒரு முடிவு எடுத்தார். வார்டுக்கு வருகிற பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் கேட்பது. வராத பிள்ளையைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனால் அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தவர் அவர், நான் இல்லை.

லிகிதாவிடம், ஊசி போடும்போதெல்லாம் அழாமல் இருந்தால் என்ன வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். அவள் பாவாடை கேட்டாள். சுற்றினால் குடை மாதிரி விரிகிற பாவாடை, கிளிப்பச்சைக் கலரில். நானே நகரியில் அலைந்து அந்தப் பச்சையைத் தேடிக்கொண்டு வந்தேன். துணியை வெட்டிவிட்டு அக்கா வெகுநேரம் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளரும் பிள்ளை என்றால் மடிப்பு வைக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு வைப்பதா வேண்டாமா என்பதுதான் அவர் யோசனை. வைக்காமல் கொடுத்தால், இவள் இனி வளரமாட்டாள் என்று அந்தத் தாயிடம் சொல்வதுபோல் ஆகிவிடும். வைத்துக் கொடுத்து, பின்னால் ஒன்று கிடக்க ஒன்று நடந்துவிட்டால், அந்த மடிப்பைத் தாய் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"ஒண்ணு வெச்சா போதும்க்கா" என்றேன்.

"நீ சும்மா இருடா. மூணு வெக்கப் போறேன். வருஷத்துக்கு ஒண்ணு."

அதை வாங்கி விரித்த மஞ்சுளா, மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்த மடிப்பு என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். லிகிதா ஊசி குத்திய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, கட்டிலுக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை விரிந்தது.

அடுத்த மருந்துக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருந்தது. அக்கா அந்தக் குழந்தையிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். லிகிதாவைப் பற்றி மட்டும் நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மஞ்சுளாவோட நம்பர் உன் போன்ல கீது இல்ல, ஒரு போன் போடேன்" என்றேன்.

"எதுக்குடா? அத அவ வாயாலயே சொல்ல வெக்கவா?"

"நீ கேக்க வேணாம், நான் கேக்குறேன். குடு."

போனைப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "என் மேல ஆணைடா, நீ பண்ணக்கூடாது. பண்ணேன்னா எங்கூட பேசாத." அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர். மாமாவின் தம்பியோடு அப்படித்தான் பல வருடங்கள் பேசாமல் இருந்தார். நான் அடங்கிவிட்டேன். என் கடைக்கு மோட்டாரைக் கொண்டு வருகிறவர்கள், "எரிஞ்சு போச்சு" என்று சொல்லித்தான் இறக்குவார்கள். திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி ஒரு கம்பி விட்டிருக்கும், அவ்வளவுதான். திறந்து பார்க்காமல் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினால் எனக்குக் கோபம் வரும். அக்கா கட்டிய முடிவின் மீது எனக்கு இருக்கும் கோபமும் அதுதான்.

சட்டை தைப்பதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த நாலு வருடமும் பாவாடையோ டவுசரோ யார் கேட்டாலும் அளவோடு தைத்துக் கொடுத்தார். ஒரு மடிப்புக்கூட வைக்கவில்லை. ஏன் என்று லதா ஒருமுறை கேட்டதற்கு, துணி போதவில்லை என்றார். துணி கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். துணி எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கடைசி வருடத்தில் அக்காவுக்கு இருதயம் பலவீனப்பட்டது. கால் வீங்கியது, மெஷின் மிதிக்க முடியவில்லை. லதா மோட்டார் பொருத்தித் தருகிறேன் என்றாள், நானே பொருத்தியும் கொடுத்தேன். இரண்டு மூன்று சட்டை தைத்தார். பிறகு அதுவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சேர்த்தபோது நினைவு தெளிவாக இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் கஞ்சி கொண்டு போய் உட்கார்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"அந்தப் பச்சப் பாவாடைக்கு மூணு மடிப்பு வெச்சிருக்கக் கூடாதுடா. மஞ்சுளாவுக்கு ஆச காட்டிட்டேன். வீட்ல அது மடிச்ச மாதிரியே இருக்கும் இல்ல? எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருப்பா."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார். அவ்வளவு பேருக்குச் சட்டை தைத்த மனுஷி, தாம் ஒரு தாயை நோகடித்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு கண்ணை மூடினார். ஒரு வருடம் ஆகியும் என் மனத்தை அறுப்பது இதுதான்.

அக்கா போய்ச் சில மாதங்கள் கழித்து, திருப்பதி வீட்டை வாடகைக்கு விடலாம் என்று லதாவும் நானும் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. "அம்மா" என்று குரல் கேட்டு நான் போய்ப் பார்த்தேன். வாசலில் மஞ்சுளா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் உயர்ந்த ஒரு பெண் பிள்ளை, தலையை வழித்து, சந்தனம் பூசி.

லிகிதாதான். உயிரோடு இருக்கிறாளே என்ற சந்தோஷம்கூட வரவில்லை. மறுபடியும் மருந்தா, முடி மறுபடியும் கொட்டிவிட்டதா என்றுதான் தோன்றியது. திருப்பதியில் ஒரு மொட்டைத்தலையைப் பார்த்து அப்படிப் பதறியவன் அன்று நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேட்க வாய் வரவில்லை. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணே சொன்னாள். "மாமா, இது நெஜ மொட்ட! நெஜமாவே கொண்டைக்குப் போய் குடுத்துட்டு வந்தோம். முடி இவ்ளோ நீளம் இருந்திச்சு" என்று இடுப்புக்கு மேலே கையைக் காட்டினாள். மஞ்சுளாவின் கையில் தேவஸ்தான லட்டுப் பை இருந்தது.

"அம்மா எங்கண்ணா? மொதல்ல அம்மாவ பாத்துட்டுதான் டிரைன் ஏறணும்னு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே மஞ்சுளா உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரில் மாலை போட்ட படம் தெரிந்தது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ராமகுப்பத்திலிருந்து பெங்களூர் பக்கம், ரயிலும் சுலபம். யாரோ வழி காட்ட, சிகிச்சையை அங்கே மாற்றிக்கொண்டார்கள். அவசரத்தில் சொல்லிக்கொள்ள முடியவில்லை. "சொல்லாம கொள்ளாம போயிட்டோம், அம்மா கோச்சுக்கினு இருப்பாங்கன்னு போன் பண்ண பயம்ணா. அம்மாவும் ஒரு தடவ கூட பண்ணலியா, கோவந்தான்னு நெனச்சுக்கினேன். அப்புறம் ஒடம்பு தேறிப் போச்சு. மொக்கு, அதான் வேண்டுதல், தீக்காம, நல்லாயிடுச்சுன்னு வெளியில வாய வுட்டு சொல்லக் கூடாதுன்னு மாமியாரு கண்டிஷனா சொல்லிட்டாங்க. முடி வளந்து, சாமிக்குக் குடுத்துட்டு, நேரா வந்து நின்னா திட்ட மாட்டாங்கன்னு..." எழுந்து போய் லட்டுப் பையைப் படத்துக்குக் கீழே வைத்தார்.

பிள்ளையின் பிணியைப் பற்றி அக்கா கேட்கக் கூடாது என்று இருந்தார். தேறியதைப் பற்றி மஞ்சுளா சொல்லக் கூடாது என்று இருந்தார். இரண்டு பேருமே அந்தப் பிள்ளையின் நன்மையை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரைக் குறை சொல்வது?

லிகிதா பையிலிருந்து அந்தப் பச்சைப் பாவாடையை எடுத்தாள். வெளுத்துப் போயிருந்தது. கீழ்ப்பக்கம் மூன்று இடத்தில் மட்டும் பட்டை பட்டையாகக் கிளிப்பச்சை, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல. மூன்று மடிப்பையும் பிரித்துவிட்டிருந்தார்கள்.

"மடிப்பு தீந்து போச்சு மாமா. நான் இன்னும் வளந்துக்கினு இருக்கேன். ஆயாவ கீழ ஒரு துண்டு வெச்சுக் குடுக்க சொல்லலாம்னு எடுத்தாந்தேன்" என்றாள்.

மெஷின் இழுப்பறையைக் காலையில்தான் ஒழித்திருந்தோம். அதில் பாபினுக்கும் நாடாவுக்கும் அடியில், ஒரு சுருட்டு கிளிப்பச்சைத் துணி இருந்தது. வேறு எதற்கும் வெட்டாமல் அக்கா வைத்திருந்தார். லதாவுக்கு அம்மாவிடம் கற்ற அரைகுறைத் தையல் உண்டு. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற அளவுதான் வரும். அன்று அவள் மெஷினைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து உட்கார்ந்தாள். தையல் கொஞ்சம் கோணலாகத்தான் ஓடியது. நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்து, "மாமா, மடிப்பு எத்தன வெக்கட்டும்?" என்று கேட்டாள்.

"துணி இருக்குற வரைக்கும் வைம்மா" என்றேன்.

அக்கா கடைசியில் என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பதை நான் மஞ்சுளாவிடம் சொல்லவில்லை. உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், கோபமெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மஞ்சுளாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் துணிந்து இங்கே எழுதுகிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவின் வாழ்வில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் கும்பிடு. கேட்ட போதெல்லாம் துண்டுத்துணியை முகம் சுளிக்காமல் அள்ளிக் கொடுத்த நகரி பவர்லூம் நண்பர்களுக்கு, வார்டுக்குள் அவரை விட்டு, அவருடைய ஓயாத கேள்விகளைப் பொறுத்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும், மூச்சுத் திணறிய அன்று கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஆட்டோ கொண்டு வந்த எதிர்வீட்டாருக்கு, கடைசி மூன்று நாளும் மாற்றி மாற்றி உடனிருந்த அல்லிக்கண்டிகை உறவுகளுக்கு, அம்மாவின் மெஷினை விற்காமல் தன்னோடு ஹைதராபாத்துக்கு எடுத்துப்போயிருக்கும் லதாவுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். வார்டுக்குச் சட்டை இப்போது லதாவிடமிருந்து பார்சலில் வருகிறது. கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். வராத பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கிறேன். சில நாள் அந்தப் பதிலைக் கேட்டு, செம்புக் கம்பி வாங்காமலே ஊர் திரும்பியிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்.

இன்றைய படையலுக்கும் சாப்பாட்டுக்கும் மஞ்சுளாவும் லிகிதாவும் வருகிறார்கள். லிகிதாவுக்குத் தலையில் முடி இப்போது குட்டையாக வளர்ந்திருக்கும். பச்சைப் பாவாடையைக் கட்டாயம் கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், கோடுகளை வைத்து நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம். நம் வீட்டு விசேஷங்களில் பிள்ளைகளைப் பார்த்தால் எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற ஒரு வார்த்தை உண்டே, "ஏம்மா, எவ்ளோ வளந்துட்டே!" என்று, அதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அக்கா சொல்லியிருக்க வேண்டியது.

இப்படிக்கு,
தம்பி,
புத்தூர்.